டிக்கெட்டும் வாங்கியாச்சு, லீவும் போட்டாச்சு... ரைடு மட்டும் ஓடலை! - தீம் பார்க்கில் ஏமாந்தால் என்ன செய்யலாம்?

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. ஆவடியிலிருந்து வரும் சாலை பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் வந்து சேரும் கரையான்சாவடி சந்திப்பைக் கவனித்தால், வாடகை வேன்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடும் பிள்ளைகள், மடியில் புளியோதரை டப்பாவோடு அம்மாக்கள், 'உள்ள சாப்பாடு விடமாட்டாங்க, கேட்டுக்கு வெளியவே முடிச்சிடணும்' என்று இப்போதே திட்டம் போடும் அப்பாக்கள். வண்டி தீம் பார்க்குக்குப் போகிறது!

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு தீம் பார்க் தூரத்து அதிசயம் அல்ல. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு சாலையில் நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் என்று போனால் குயின்ஸ்லேண்ட். அதே சாலையில் ஒருகாலத்தில் ராட்டினங்கள் சுற்றிய ஈ.வி.பி., இன்று சினிமா ஷூட்டிங் நடக்கும் ஃபிலிம் சிட்டி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம். தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லாவும் வந்துவிட்டது.

வேன் கிளம்பும்போது இருக்கும் அதே முகத்தோடு எல்லோரும் திரும்புகிறார்களா? அங்கேதான் சிக்கல்.

ஒரு குடும்பம், ஒரு கணக்கு

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறார். அம்மா தனியார் பள்ளியில் டீச்சர். ஒரு மகள், ஒரு மகன், கூடவே பாட்டி. மகனுக்குப் போன வருடம் ஒரு மனக்குறை. ரோலர் கோஸ்டர் வாசலில் இருக்கும் அளவுக்கோட்டில் நிறுத்திப் பார்த்துவிட்டு, 'உயரம் பத்தலை தம்பி, அடுத்த வருஷம் வா' என்று அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் வீட்டுக் கதவு நிலையில் மாதாமாதம் பென்சிலால் கோடு போட்டு அளந்துகொண்டிருக்கிறான். இந்த ஏப்ரலில் அந்த உயரத்தைத் தாண்டிவிட்டான்!

மூன்று வாரத்துக்கு முன்பே ஆன்லைனில் டிக்கெட் போட்டாயிற்று. தலைக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஐந்து பேருக்கு 5,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி., 900 ரூபாய். (2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது இது 28 சதவிகிதம். 2018 ஜனவரியில்தான் 18 ஆகக் குறைத்தார்கள்.) போக வர வேன் 2,000. உள்ளே சாப்பாடு, தண்ணீர் பாட்டில், ஐஸ்க்ரீம் என 1,500. லாக்கர், நீச்சல் உடை வாடகை 600. ஆக மொத்தம் 10,000 ரூபாய். எந்த ரைடிலும் ஏறப்போகாத பாட்டிக்கும் டிக்கெட் உண்டு. பேரன் ஏறுவதைப் பார்க்கத்தான் அவர் வருகிறார்.

உள்ளே போன பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. ரோலர் கோஸ்டர் முன்னால் கயிறு கட்டியிருக்கிறது, 'மெயின்டனன்ஸ்'. வேவ் பூலில் அலை அரை மணி நேரம்தான். இரண்டு முறை நடக்க வேண்டிய ஷோ இன்று ஒருமுறைதான், அதுவும் காலையிலேயே முடிந்துவிட்டது. மிச்சமிருக்கும் ரைடுகளில் கூட்டம் இரண்டு மடங்கு.

"இதை டிக்கெட் வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே தம்பி?"

"எனக்குத் தெரியாது சார். டிக்கெட்டுக்குக் கீழ கண்டிஷன்ல போட்டிருக்கும் பாருங்க."

பார்த்தால் போட்டுத்தான் இருக்கிறது. 'முன்னறிவிப்பின்றி ரைடுகளை நிறுத்த நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது.' பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவு எழுத்து!

குடும்பம் கற்பனைதான். ஆனால் பிள்ளைகளோடு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போன பலருக்கும் இதில் ஏதோ ஒரு வரி தன் கதை போலத் தெரியும்.

நிறுத்தியது தப்பா?

முதலில் பூங்காக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் பார்த்துவிடுவோம். ஒரு ரைடை நிறுத்துவது எல்லா நேரமும் ஏமாற்று வேலை அல்ல. சென்னையில் நடந்த மூன்று சம்பவங்களே அதைச் சொல்லும்.

2016 மே மாதம், கிஷ்கிந்தாவில் ஒரு ராட்டினத்தைச் சோதனை ஓட்டமாக ஓட்டிப் பார்த்தபோது விபத்து. ஏறியிருந்தவர்கள் பூங்கா ஊழியர்கள். ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தார்கள்.

2019 ஜூன் மாதம், குயின்ஸ்லேண்டில் உயரத்திலிருந்து சர்ரென்று இறங்கும் ஃப்ரீ ஃபால் ரைடின் கம்பி வடம் அறுந்தது. தரையை நெருங்கும் நேரத்தில் நடந்ததால் பெரிய உயிர்ச்சேதம் இல்லை. வீடியோ வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றியது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், பூங்கா தற்காலிகமாக மூடப்பட்டது.

2025 மே 27, ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. யுனிவர்சல் கிங்டம். ராட்சத ரைடு ஒன்று அந்தரத்தில் நின்றுவிட்டது. பெண்கள், குழந்தைகள் உட்பட 30 பேருக்கும் மேல் மணிக்கணக்கில் மேலேயே சிக்கிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறையினர் ராட்சத ஏணி வண்டியோடு வந்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். பூங்காவைத் தற்காலிகமாக மூடச் சொன்னது காவல்துறை.

அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பள்ளிகள் திறந்த தேதி ஜூன் 2. அதாவது லீவு முடிய ஒரு வாரம்கூட இல்லாத நேரம். 'கடைசி வாரம் போய்க்கலாம்' என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் எத்தனை என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும்.

சந்தேகமாக இருக்கும் ரைடை ஓட்டாமல் இருப்பதுதான் பூங்கா செய்யக்கூடிய மிகப் பெரிய சேவை. மழை, இடி மின்னல், பலத்த காற்று என்றால் உயரமான ரைடுகளையும் நீச்சல் குளங்களையும் நிறுத்தத்தான் வேண்டும். 'காசு குடுத்திருக்கோம், ஓட்டுங்க' என்று ஆபரேட்டரிடம் மல்லுக்கு நிற்பது நம் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவது.

ஆனால், நிறுத்துவது ஒரு விஷயம். நிறுத்தியதைச் சொல்லாமல் முழுப் பணம் வாங்குவது வேறு விஷயம். ஒரு ராட்டினத்தைப் பிரித்துப் பராமரிக்கும் வேலை இன்று காலை பத்து மணிக்குத் திடீரென்று முடிவாவதில்லை. உதிரி பாகம் வரவேண்டும், ஆள் வரவேண்டும். பூங்கா நிர்வாகத்துக்கு அது முன்பே தெரியும். டிக்கெட் கவுன்ட்டருக்குத்தான் 'தெரியாது'!

டிஸ்னியிலும் இதே கூத்துதான்

இது நம்ம ஊர் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். உலகத்துக்கே தீம் பார்க் கற்றுக்கொடுத்த டிஸ்னியிலும் இந்தப் புகார் உண்டு.

அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 'ஃபாஸ்ட்பாஸ்' என்று ஒரு வசதி 1999 முதல் இருந்தது. முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு, நீண்ட வரிசையில் நிற்காமல் ரைடில் ஏறலாம். டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் இலவசம். கொரோனாவுக்காக 2020-ல் பூங்காக்கள் மூடியபோது நின்ற அந்த வசதி, அதே வடிவில் திரும்பவே இல்லை. 2021 அக்டோபரில் அந்த இடத்துக்குக் கட்டண வசதி ஒன்று வந்தது. முன்பு டிக்கெட்டோடு கிடைத்ததற்கு இப்போது தனிக் காசு.

ஃப்ளோரிடா மாநிலம் ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து டிஸ்னி ஹோட்டல்களுக்கு இலவச பஸ் ஒன்றும் ஓடியது. 2022 தொடக்கத்தோடு அதுவும் நின்றது. ஆனால் இதில் ஒரு வித்தியாசம் உண்டு. நிறுத்தப்போவதை ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன்பே, 2021 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். ரசிகர்கள் திட்டினார்கள், வருத்தப்பட்டார்கள். ஆனாலும் பயணத்தைத் திட்டமிட அவர்களுக்கு அவகாசம் இருந்தது.

சொல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் டிஸ்னியே உதாரணம். கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் 2021 ஆகஸ்ட்டில் 'ட்ரீம் கீ' என்ற வருடாந்தர பாஸை 1,399 டாலருக்கு விற்றார்கள். 'உங்களுக்குத் தடை செய்யப்பட்ட நாளே கிடையாது' என்பதுதான் விளம்பரம். ஆனால் போகும் முன் தேதியை முன்பதிவு செய்ய வேண்டும். பாஸ் வாங்கிய ஒரு பெண்மணி நவம்பர் மாதத்துக்குத் தேதி தேடினால், பல நாட்கள் 'இடமில்லை'. அதே நாட்களுக்குச் சாதாரண ஒருநாள் டிக்கெட் மட்டும் விற்பனையில் இருந்தது!

அவர் வழக்குப் போட்டார். பாஸ் வாங்கிய ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் அது கூட்டு வழக்காக நடந்தது. 2023-ல் 95 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது டிஸ்னி. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆளுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 67 டாலர்தான். ஆனாலும், 'விளம்பரத்தில் சொன்னதைக் கொடு' என்று ஒருவர் கேட்டதால் லட்சம் பேருக்குப் பணம் வந்தது.

நம்ம ஊர் டூர் பேக்கேஜ்களில் தவறாமல் இருக்கும் சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கதையும் சுவாரஸ்யம். அங்கே 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' என்ற இரட்டை ரோலர் கோஸ்டர் 2010 மார்ச்சில் திறந்த சில நாட்களிலேயே மூடப்பட்டு, 2011 பிப்ரவரியில்தான் மறுபடி ஓடியது. 2013 ஜூலையில் மீண்டும் மூடி 2015 மே மாதம் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பேக்கேஜில் போனவர்கள் அதைத் தள்ளி நின்றுதான் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்தப் பூங்காவின் இணையதளத்தில், எந்த ரைடு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பராமரிப்புக்காக மூடப்படும் என்ற பட்டியல் முன்கூட்டியே வருகிறது. பார்த்துவிட்டு டிக்கெட் போடலாம், தேதியையும் மாற்றிக்கொள்ளலாம்.

நம்ம ஊருக்கும் இதுதான் தேவை. ஒரே ஒரு பட்டியல்.

சட்டம் யார் பக்கம்?

'போனா போகுது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்று வேனில் ஏறுகிறோமே, சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

இப்போது நடைமுறையில் இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பழைய 1986 சட்டத்துக்குப் பதிலாக 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்தது. 'சேவை' என்றால் என்ன என்று இந்தச் சட்டம் சொல்லும் பட்டியலில் வங்கி, இன்ஷூரன்ஸ், போக்குவரத்தோடு 'பொழுதுபோக்கு, கேளிக்கை' என்றும் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆக, தீம் பார்க் டிக்கெட் வாங்கும் நீங்கள் சட்டப்படி நுகர்வோர். அதில் சந்தேகமே வேண்டாம்.

சொன்ன சேவையைச் சொன்ன தரத்தில் தராவிட்டால் அது 'சேவைக் குறைபாடு'. இதன் விளக்கத்தில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் குறைபாடுதான். ரைடு ஓடாது என்று தெரிந்தே சொல்லாமல் டிக்கெட் விற்றால், 'தெரிந்தே மறைத்தார்கள்' என்று வாதாட இடம் இருக்கிறது.

குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்கிறது இதே சட்டம்.

'கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று போட்டிருக்கிறார்களே? போட்டுவிட்டால் மட்டும் அது வேதவாக்கு ஆகிவிடாது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு ஃப்ளாட் வழக்கில், ஒருதலைப்பட்சமாக எழுதப்பட்ட ஒப்பந்த நிபந்தனைகளை 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்றது. பில்டர் எழுதிய தாளில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லாத வாங்குபவரை அந்த நிபந்தனைகள் கட்டுப்படுத்தாது என்பது தீர்ப்பின் சாரம். அது வீடு, இது ராட்டினம். அதற்காக எல்லா டிக்கெட் நிபந்தனையும் செல்லாது என்று அர்த்தமில்லை. திடீர் மழைக்கும் பழுதுக்கும் பூங்கா அந்த வரியைக் காட்டினால் அதில் நியாயம் இருக்கலாம். முன்பே தெரிந்ததை மறைத்துவிட்டு அதே வரியைக் காட்டினால், கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆன்லைன் புக்கிங்கில் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. ஆசை காட்டி, குழப்பி வாங்கவைக்கும் 13 தந்திரங்களை 'டார்க் பேட்டர்ன்' என்று பட்டியலிட்டு 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு தடை செய்தது. முதலில் ஒரு விலை காட்டிவிட்டு, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் கட்டணங்களைச் சேர்ப்பது, கேட்காத பொருளைக் கூடையில் போடுவது, ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தருவது எல்லாம் அதில் உண்டு.

6,000 ரூபாய்க்காகக் கோர்ட்டா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கோர்ட்டுக்கு முன்னால் இன்னும் சில படிகள் இருக்கின்றன.

முதல் படி, பூங்காவிலேயே எழுத்துப்பூர்வமான புகார். 'வாயால சொல்லிட்டு வந்தோம்' என்பது எங்கேயும் செல்லுபடியாகாது. வாடிக்கையாளர் சேவை மையத்தில் எழுதிக் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்குங்கள். தர மறுத்தால் அங்கிருந்தே ஈமெயில் அனுப்புங்கள். தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும்.

இரண்டாவது படி, 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். வழக்கு அளவுக்குப் போகாமல் இங்கேயே முடியவும் வாய்ப்பு உண்டு.

மூன்றாவது படிதான் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். மத்திய அரசின் 'இ-ஜாக்ரிதி' தளம் வழியாக ஆன்லைனிலும் பதிவு செய்யலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பூங்கா இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ, பிரச்னை நடந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். புதிய சட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே போடலாம். கரையான்சாவடிக்காரர் ஒருவர் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காவில் ஏமாந்தாலும், மைசூருக்குப் போன இடத்தில் ஏமாந்தாலும், திருவள்ளூர் மாவட்ட ஆணையத்தையே அணுகலாம்.

இன்னொரு வழியும் உண்டு. ஒரே நாளில் ஒரே காரணத்துக்காகப் பாதிக்கப்பட்ட பலர் சேர்ந்து, ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகக் கொடுக்கலாம். அபார்ட்மென்ட் சங்கம், டியூஷன் சென்டர், கம்பெனி ஃபேமிலி டே என்று கூட்டமாகப் போகிறவர்களுக்கு இது வசதி. தனி ஆளுக்கு 6,000 ரூபாய் என்பது, 40 குடும்பம் என்றால் 2,40,000 ரூபாய்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரைடு ஓடாததற்கு முழு டிக்கெட் பணமும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நாள் முழுக்க மற்ற ரைடுகளில் ஏறியிருக்கிறீர்கள். கிடைக்காத சேவைக்கு ஏற்ற தொகை, வேறொரு நாள் இலவச அனுமதி என்று நியாயமாகக் கேட்டால்தான் பேச்சு சீக்கிரம் முடியும்.

போன் இருக்க பயம் ஏன்?

ஆதாரம் இல்லாத கோபத்தால் பயனில்லை. ஆதாரம் சேர்க்க உங்கள் கையில் இருக்கும் போன் போதும்.

புக் செய்யும்போது: ரைடுகளின் பட்டியல், ஷோ நேரம், சாப்பாடு உண்டா, பஸ் உண்டா என்று விளம்பரம் சொல்லும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் பக்கம் நாளைக்கே மாறலாம். நிபந்தனைப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.

முதல் நாள்: பூங்காவின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பிலோ ஈமெயிலிலோ ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள். 'நாளை எந்தெந்த ரைடுகள் ஓடாது?' பதில் வந்தால் அது ஆதாரம். பதில் வராவிட்டால், நீங்கள் கேட்டதற்கு அதுவே ஆதாரம்.

கேட்டில்: டிக்கெட்டை ஸ்கேன் செய்யும் முன் அதே கேள்வியைக் கேளுங்கள். ஸ்கேன் ஆகிவிட்டால் 'உள்ளே போய்விட்டீர்கள்' என்ற கணக்கு. அதற்கு முன்பென்றால் தேதி மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது சுலபம்.

உள்ளே: மூடியிருக்கும் ரைடு, 'மெயின்டனன்ஸ்' போர்டு இரண்டையும் படம் எடுங்கள். பார்க்கிங், லாக்கர், உடை வாடகை ரசீதுகளைக் கசக்கிப் போட வேண்டாம்.

குரூப் புக்கிங் என்றால்: முன்பணம் கொடுக்கும் முன், எந்தெந்த ரைடுகள், எத்தனை வேளை சாப்பாடு, மழை வந்தால் மாற்றுத் தேதி என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். 'எல்லாம் இருக்கு சார், நம்பி வாங்க' என்பது ஒப்பந்தம் ஆகாது.

ஏஜென்ட் வழியாகப் போனால்: பணம் யாருக்குக் கட்டினீர்களோ அவரையும் பூங்காவையும் சேர்த்தே புகாரில் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்.

ஒரு கரும்பலகை போதும்

பூங்காக்கள் செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. டிக்கெட் கவுன்ட்டரில் 'இன்று ஓடாதவை' என்று ஒரு கரும்பலகை. இணையதளத்தில் பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே அதே பட்டியல். முக்கியமான ரைடுகள் ஓடாத நாளில் குறைந்த கட்டணம். முன்பே புக் செய்தவர்களுக்கு ஒரு எஸ்.எம்.எஸ்., கூடவே தேதி மாற்றும் வசதி. டிக்கெட் போடும்போதே நம் போன் நம்பரை வாங்கிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு 'அடுத்த ஆஃபர்' என்று மெசேஜ் அனுப்பத் தெரிகிறது. 'ரோலர் கோஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ஓடாது' என்று அனுப்பவும் அதே போன் நம்பர் போதும்.

கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி மெட்ரோ வழித்தடத்தில் கரையான்சாவடிக்கும் ஒரு ஸ்டேஷன் உண்டு. போக்குவரத்து சுலபமாக ஆக, இந்தப் பக்கத்திலிருந்து நகரத்தின் எல்லா மூலைக்கும் குடும்பங்கள் கிளம்பும். பூங்காக்களுக்கும் அது வியாபாரம்தான். ஒருமுறை ஏமாந்த குடும்பம் அடுத்த லீவுக்கு வேறு இடம் பார்க்கும் என்பதை அவர்களும் யோசிக்க வேண்டும்.

நம் கற்பனைக் குடும்பத்துக்கு வருவோம். சாயங்காலம் வேன் திரும்பி வருகிறது. பாட்டி தூங்கிவிட்டார். மகன் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்கிறான்.

"அப்பா, அடுத்த வருஷம் ஓடுமா?"

அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் டிக்கெட் போட்ட நாளில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் அவர் போனில் இருக்கிறது. கயிறு கட்டிய ரோலர் கோஸ்டரின் படமும் இருக்கிறது. ஈமெயில் உள்ளேயிருந்தே போய்விட்டது. திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு நடுவில், டீ பிரேக்கில், 1915-க்கு ஒரு போன் போட வேண்டும்.

"கேட்டுச் சொல்றேன்டா" என்கிறார்.